மேடு மறைக்குது

குடித்தனம் நடத்திக்கொண்டே ஊர் சுற்றும் வீட்டு வண்டிகள் நிற்கும் எந்த மைதானத்துக்குப் போனாலும் வெர்லினுக்குக் கைராசிக்காரர் என்று பேர். கூரை ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினால் எந்த ஊர் டிவி வரும் என்பது அவருக்கு அத்துப்படி. படம் வரவில்லை என்று யார் வந்து நின்றாலும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மனைவி ஒனீட்டா அந்தத் தட்டை மூடி வைப்பாள்.

ஒனீட்டா அயோவாக்காரி. தலை நரைக்கும்வரை பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். படிக்கிற காலத்தில் கூடைப்பந்தும் ஆடியிருக்கிறாள், இடது கைக்காரி. அப்போதெல்லாம் அங்கே பெண்கள் பக்கத்துக்கு ஆறு பேராக ஆடுவார்கள்; நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது என்பது விதி. கல்யாணத்துக்குப் பிறகும் ஒனீட்டா தாண்டவில்லை. பண்ணை வீட்டை விற்று, அந்தப் பணத்தில் வண்டி வாங்கி, குளிர்காலத்தில் அரிசோனா, மற்ற காலத்தில் மனம்போன ஊர் என்று சுற்றலாம் என வெர்லின் முடிவுசெய்தபோது அவளும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வீட்டில் குடியேறக் காத்திருந்த மகள் ட்ரீனா, இனி உங்கள் வண்டி என் வாசலில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் மன்னிப்புக் கேட்கிறவரை வண்டிக்குள் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று வெர்லினும் சொல்லிவிட்டார். அப்பனுக்கும் மகளுக்கும் வீம்பு மிஞ்சியது. ஒனீட்டாவுக்குப் பேத்தி கைவிட்டுப் போனாள். பிரின்லி அப்போது முன்பல் விழுந்த பிள்ளை.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளி அணியில் ஆடுகிறது, இந்த வருஷம் மாநில இறுதிப் போட்டிவரை நிச்சயம் வந்துவிடும், டிவியில் காட்டுவார்கள் என்று பழைய சமையலறைத் தோழி ஒருத்தி போனில் சொன்னாள். ஒனீட்டா சத்தம் காட்டாமல் ஒரு காரியம் செய்தாள். ஊரில் இருக்கும் வெர்லினின் முழங்கால் டாக்டரைப் பார்க்க அதே வாரத்தில் நாள் வாங்கிவிட்டாள். மார்ச் மாதத்தில், பனி இன்னும் கரையாத அயோவாவுக்கு வழியெல்லாம் முனகிக்கொண்டே அவர் வண்டியை ஓட்டிவந்தார். ஆற்றங்கரைப் பள்ளத்தில் ஒரு மைதானத்தில் நிறுத்தினார்கள். போட்டிக்கு நேரில் போகலாம்தான். ஆனால் அங்கே ட்ரீனா இருப்பாள். அத்தனை பேர் நடுவில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒனீட்டாவால் தாங்க முடியாது. டிவியில் பார்த்தால் யாரும் விரட்ட மாட்டார்கள்.

பேத்தியை ஒரு தடவை பார்க்கணும், அவ்வளவுதான் என்று கணவரிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றார்.

போட்டியன்று சாயங்காலம் அவர் உட்கூரையில் இருந்த கைப்பிடியைப் பிடித்து ஆன்டெனாவை உயர்த்தினார், வடக்கே திருப்பினார், கிழக்கே திருப்பினார். ஒனீட்டா கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை.

"அந்த மேடு மறைக்குது. இந்தப் பள்ளத்துல எதுவும் எடுக்காது, விடு" என்றார்.

காற்றாலை வேலைக்கு வந்து தங்கியிருந்த பையன்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போய்விட்டார். ஒனீட்டா ஜன்னல் வழியாக அந்த மேட்டைப் பார்த்து மனதாரத் திட்டினாள். பிறகு குப்பை போட வெளியே வந்தாள். பக்கத்து வண்டியிலிருந்து விசில் சத்தமும், பிரின்லி பள்ளியின் பேரும் கேட்டன.

அந்த வண்டியில் இருப்பது ட்வைலா, மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் விதவை. ஒனீட்டா கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. திரையில் ஒரு நெட்டைப் பெண், இடது கையால் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தாள். விழுந்தது. அணி ஜெயித்தது. பிரின்லி ஓடிப்போய்த் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ட்ரீனாவுக்கு முடி நரைத்திருந்தது. அடுத்த நொடி விளம்பரம் வந்துவிட்டது.

"உனக்கு மட்டும் எப்படி வருது? மேடு மறைக்குதாமே" என்றாள் ஒனீட்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எந்த மேடு? அலமாரிக்குள்ள பூஸ்டர் பொத்தான் இருக்கும் பாரு, பச்சை வெளக்கு எரியணும். எரியலேன்னா ஆன்டெனா செத்த மாதிரிதான். நேத்து உன் வீட்டுக்காரருதான் சொல்லிக்குடுத்தாரு, மொதல்ல அந்த வெளக்கப் பாரு, மத்ததெல்லாம் அப்புறம்னு."

ஒனீட்டா தன் வண்டிக்குத் திரும்பி அலமாரியைத் திறந்தாள். அது அவர் இலாகா, அவள் கை வைத்ததே இல்லை. விளக்கு எரியவில்லை. அழுத்தினாள், எரிந்தது. மறந்திருப்பார் என்று நினைக்கப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் முதல் பாடமாகச் சொல்கிறவர் தன் வண்டியில் மறப்பாரா? பேத்தியைப் பார்த்தால் இவள் மகளிடம் போய் நிற்பாள் என்று பயந்திருக்கிறார். மறுபடி அழுத்தி அணைத்தாள்.

"ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே வெர்லின் வந்தார்.

"வரல."

"நான்தான் சொன்னேனே."

ஆறிப்போன உருளைக்கிழங்கை அவர் ருசித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். ஆன்டெனா உயரத்தில் இருந்தால் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு நாடா தொங்கும். ஆன்டெனாவை இறக்கிய பிறகுதான் நாடாவை எடுக்க வேண்டும். அது ஒனீட்டாவின் வேலை. அன்று நாடாவை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள், ஆன்டெனாவைத் தொடவில்லை. வழியனுப்ப எல்லாரும் நின்றார்கள். வெர்லின் வண்டியை எடுத்தார். மைதான வாசலில் தாழ்ந்திருந்த மரக்கிளையில் ஆன்டெனா மாட்டி, கூரையே பிய்வதுபோல் சத்தம் கேட்டது. ஆன்டெனா சாலையில் விழுந்தது.

"பெருசு, உங்களுக்கே இப்படியா?" என்று பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெர்லினின் முகம் சிவந்துவிட்டது. "ஆன்டெனாவ எறக்காம நாடாவ ஏன் எடுத்த? கிளை இருக்கறது தெரியல?"

"எப்படித் தெரியும்? மேடு மறைக்குது" என்றாள் ஒனீட்டா.

அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

இறங்கிவிடலாமா என்று ஒனீட்டா வண்டிக் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். ட்ரீனா வாசலில் போய் நின்றால் கதவைத் திறப்பாளா? வீட்டை விற்ற பத்திரத்தில் இவள் கையெழுத்தும் இருக்கிறதே. இறங்கிப் போக இவளுக்கென்று ஒரு வீடு இருந்தது. அதை விற்று வாங்கிய இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தாள். கையை எடுத்துவிட்டு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.