முதல் வாய் வழிகாட்டிக்கு

1. எண்ணெய்ச் சட்டி

ஒரு சாப்பாட்டுக் கடைக்காரியை இன்னொருவர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால், அவள் முதலில் பார்ப்பது எண்ணெய்ச் சட்டியைத்தான். நானும் அதைத்தான் செய்தேன். இத்தாலியில் பலேர்மோ என்ற நகரத்தில், பல்லாரோ என்ற சந்தைக்குள், முன்பின் தெரியாத ஒருவருடைய பொரிக்கிற சட்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். எண்ணெய் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இலங்கையின் வன்னியில், கனகராயன்குளத்தில், யாழ்ப்பாணம் போகிற ஏ-9 வீதியோரமாக இருபத்திரண்டு வருடம் சாப்பாட்டுக் கடை நடத்தினவள் நான். பெயர் பவளம். இப்போது கடையை என் பெறாமகன், தங்கையின் பிள்ளை, பார்க்கிறான். நான் வெளிநாட்டுப் பயணிகளை ஊருக்குள் நடத்திக் கூட்டிப்போய், வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுக்கிறேன். இதற்கு ஃபுட் டூர் என்று பெயர். இந்த வேலைக்கு வர விரும்புகிற பிள்ளைகள் சிலர், எங்கே பழகினீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரு நாள் நடந்து பழகினேன், ஒரு நாள் வெட்கப்பட்டுப் பழகினேன். இரண்டையும் சொல்கிறேன்.

பலேர்மோவில் என் மகள் தர்சினி இருக்கிறாள். அவளுடைய பிள்ளைப்பேறு பார்க்கப் போய் மூன்று மாதம் நின்றேன். போன நாளிலிருந்து அவளுடைய குசினியை விட்டு நான் வெளியே வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற சரக்குத்தண்ணி, மீன் குழம்பு, திரும்பவும் சரக்குத்தண்ணி. அவளுக்கே அலுத்துவிட்டது.

"அம்மா, உங்களுக்கு ஒரு டூர் புக் பண்ணியிருக்கிறன். ஒரு நாளாவது ஆக்கள் சமைச்சதைச் சாப்பிடுங்கோ."

"ஏன், என்ர சமையல் பிடிக்கேல்லையோ?"

"அப்பிடி ஆர் சொன்னது? வெளிக்கிடுங்கோ."

பிள்ளையை மருமகனிடம் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் போனோம். எங்களோடு வேறு ஆறு பேர். கைட்டாக வந்தவள் சிமோனா என்ற பெட்டை. குட்டை முடி, தேய்ந்த சப்பாத்து, சிரித்த முகம். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, தர்சினி எனக்குத் தமிழில் சொன்னாள்.

2. எட்டு விஷயம்

அந்தச் சந்தையில் வியாபாரிகள் போடுகிற சத்தத்துக்கு முன்னால் வவுனியா சந்தைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தலைக்கு மேலே பல்கனிகளில் உடுப்புக் காய்ந்தது. ஒரு மூலையில் முருங்கைக்காயும் கண்டேன். வாங்குவோம் என்று நான் திரும்ப, தர்சினி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் கடையில் கடலைமாப் பொரியல். மாவைக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிசாக வெட்டி, பொரித்து, பிளந்த பாண் துண்டுக்குள் வைத்துத் தந்தார்கள். கொஞ்சம் செத்தல் மிளகாய் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாவது கடையில் சோற்று உருண்டை. ஆளுக்கு ஒன்று வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு உருண்டையை நாலாக வெட்டி நாலு பேருக்குக் கொடுத்தார்கள்! என் கடையில் நான் அப்படிச் செய்திருந்தால் லொறிக்காரர் உட்கார்ந்திருக்கிற கதிரையைத் தூக்கி அடித்திருப்பார்கள்.

ஆனால் நாலாவது கடைக்குப் போகும்போது விளங்கியது. எல்லோருக்கும் இன்னும் பசி இருந்தது. கடைசிக் கடைக்காரருக்கும் முதல் கடைக்காரருக்குக் கிடைத்த அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்றால், துண்டு சின்னதாகத்தான் இருக்க வேண்டும். உடனே தர்சினியின் பையிலிருந்த கொப்பியை வாங்கி எழுதத் தொடங்கினேன். துண்டு சின்னது. இரண்டு கடைக்கு நடுவே பத்து நிமிட நடை. காரம் முதலில், இனிப்புக் கடைசியில். எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். மூன்றாவது கடையில் மாட்டு மண்ணீரலைப் பாணுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் கத்தரிக்காய்ப் பொரியல் தயாராக இருந்தது. நான் மாடு சாப்பிடமாட்டேன் என்று தர்சினி சொல்லி வைத்திருந்தாளாம். இப்படியாக எட்டு விஷயம் எழுதினேன்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு கடையிலும் தட்டு வந்தவுடன் சிமோனா முதல் துண்டை எடுத்துத் தன்னுடைய வாயில் போட்டாள்! விருந்தாளிகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், கூட்டிவந்தவள் சாப்பிடுகிறாள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரி கடைசியாகத்தான் சாப்பிடுவாள். பந்தி எழும்பி, பாத்திரம் ஒதுக்கி, சட்டியில் மிஞ்சினால் உண்டு.

"வந்த சனத்துக்கு முந்தி வாய் வைக்கிறாளே, ஆரும் பழக்கேல்லையோ?" என்றேன்.

"அம்மா, மெல்லக் கதையுங்கோ. அது அவையின்ர பழக்கம்."

கடைசிக் கடையில் ஒரு வயதான பெண் இருந்தா. பொரித்த குழலுக்குள் இனிப்பான பால்கட்டி நிரப்பிக் கொடுத்தா. அதிலும் சிமோனாதான் முதலில் கடித்தாள். மூக்கு நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டு தன்னுடைய ஏப்ரனால் துடைத்துவிட்டா. எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். நான் மட்டும், என்ன இருந்தாலும் பெட்டைக்கு அவசரம் கூட என்று நினைத்தேன்.

3. மூன்று வீடு

ஊருக்குத் திரும்பி வந்த கொஞ்ச நாளில் ரமணன் வந்தான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டு ஆட்களை வான் வண்டியில் கூட்டிப்போகிற பெடியன்.

"அன்ரி, அவையள் உங்கட கடையில இறங்கி, ரொயிலற் போயிட்டு, ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு ஏறிப் போகினம். இந்த ஊரில ஒண்டும் பார்க்காமல் போகினம். ஏதாவது செய்யேலாதோ?"

நான் உள்ளே போய்க் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவளின் எடுப்பு அன்றைக்கு என்னிடம் இருந்தது.

மூன்று இடம் தெரிவு செய்தேன். முதலாவது எங்கள் கடை, இடியப்பமும் சோதியும். இரண்டாவது வயல்காரர் ஒருவரின் வீடு, சர்க்கரை போட்டுப் பாலில் பொங்கின பால்புக்கை. யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் குடியேறின குடும்பம், என் சொந்தக்காரரும் கூட. மூன்றாவது முத்துலட்சுமி வீடு, தேங்காய் ரொட்டியும் மிளகாய் போட்டு இடித்த சம்பலும் தேத்தண்ணியும். காரம் முதலில், இனிப்புக் கடைசியில் என்று நானே எழுதியிருந்தேன். அதை எப்படி மறந்து அவளைக் கடைசியில் போட்டேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

முத்துலட்சுமி என் கடையில் பதினாலு வருடம் ரொட்டி சுட்டவள். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். ஏ-9இல் போய்வந்த எத்தனையோ பேர் அவளுடைய ரொட்டியைப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். டூர் விஷயத்தைச் சொன்னபோது அவள் இரண்டு தரம் கேட்டாள்.

"எங்க வீட்டுக்கா அக்கா? நெசமாவா?"

"ஓம் பிள்ளை, உன்ர வீட்டுக்குத்தான்."

4. பிறகு

முதல் குரூப்பில் ஐந்து பேர். எங்கள் கடையில் இடியப்பம் நன்றாகப் போனது. சின்னத் துண்டு என்று சொல்லி வைத்திருந்ததால் ஆளுக்கு ஒன்றுதான். வயல்காரர் வீட்டில் புக்கையை வாழையிலையில் ஒரு கரண்டி. அங்கே என்னையும் சாப்பிடச் சொன்னார்கள். "பிறகு" என்றேன். அவர்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த வீட்டில் நான் எத்தனை கல்யாணம், எத்தனை செத்தவீட்டு அந்தியேட்டிக்குச் சாப்பிட்டிருப்பேன்! ஒரு "பிறகு" அங்கே ஒன்றும் செய்யாது.

முத்துலட்சுமி வீட்டு முற்றம் சாணி தெளித்துக் கூட்டியிருந்தது. கோயிலிலிருந்து ஆறு கதிரை இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். ஐந்து பேருக்கு ஏன் ஆறு என்று நான் யோசிக்கவில்லை. நான் வாசல் படலைக்குப் பக்கத்தில் நின்று, ரொட்டியைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். ரமணன் அதை ஆங்கிலத்தில் சொன்னான்.

ரொட்டி வந்தது. சம்பல் நல்ல சிவப்பு. ஐந்து பேரும் வாழையிலைத் துண்டோடு கையில் வைத்துக்கொண்டு சம்பலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் ரமணனிடம் ஏதோ கேட்டா.

"அன்ரி, நீங்கள் சாப்பிடேல்லையோ எண்டு கேக்கிறா."

"நான் பிறகு எண்டு சொல்லு."

முத்துலட்சுமி ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, ஒக்காந்து சாப்புடுங்க."

"பிறகு சாப்பிடுறன் பிள்ளை. முதல்ல வந்த ஆக்கள் சாப்பிடட்டும்."

அவள் ரொட்டியைத் திரும்பக் கொண்டுபோனாள். வந்தவர்கள் ஓரத்தைக் கிள்ளிக் கடித்தார்கள். சம்பலைத் தொடவில்லை. தேத்தண்ணியைக் குடித்து, நன்றி சொல்லி, படம் எடுத்துக்கொண்டு வானுக்குப் போனார்கள். ரொட்டி கதிரைகளின் மேல் இருந்தது.

நான் இலைகளைப் பொறுக்கப் போனேன். அவள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, அடுத்த தடவ எங்க வீட்ட எடுத்துருங்க."

"ஏன் பிள்ளை? அவைக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளேல்லை, அவ்வளவுதான்."

"ஒங்க கடையில பதினாலு வருஷம் ரொட்டி சுட்டேன். நீங்களுந்தான் சாப்புட்டீங்க. அதே கை, அதே ரொட்டி. எங்க வீட்டுல சுட்டா மட்டும் ஒங்களுக்குப் பொறகா? கூட்டிட்டு வந்த ஆளே வாய் வக்காத சாப்பாட்ட அவங்க எதுக்கு திம்பாங்க?"

எங்கள் பக்கத்துப் பழக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன். விருந்தாளி சாப்பிட்டுத்தான் வீட்டுக்காரி சாப்பிடுவது என்று. அப்போதுதான் உறைத்தது. அது என் வீடு இல்லை. அங்கே நான் விருந்தாளி. ஆறாவது கதிரை எனக்குப் போட்டது.

பதினாலு வருடத்தில் அவளுடைய வீட்டுக்கு எத்தனை தரம் போயிருப்பேன்? காய்ச்சலில் படுத்த நாளில் கூடப் படலையில் நின்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். தண்ணீர் கூடக் குடித்ததில்லை. தோட்டத்திலிருந்து வந்த ஆட்களின் வீடு என்பதை மறைத்து, நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பலேர்மோவில் சிமோனாவின் மூக்கைத் துடைத்துவிட்ட அந்தப் பெண்ணின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. பெட்டைக்கு அவசரமும் இல்லை, பழக்கக் குறைவும் இல்லை. ஒவ்வொரு கடைக்காரருக்கும் முன்னால், உன்னுடைய கையை நான் நம்புகிறேன் என்று வாயைத் திறந்து காட்டியிருக்கிறாள். எட்டு விஷயத்தை எழுதிவிட்டு, டூரையே நடத்துகிற விஷயத்தை நான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

5. ஒன்பதாவது

அடுத்த நாள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனேன். படலையில் நின்று கூப்பிடாமல், நேரே அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"பசிக்குது, முத்துலட்சுமி."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். உட்காருகிற பலகையை என் பக்கம் தள்ளிவிட்டாள். ரொட்டி ஒன்றைக் கல்லிலிருந்து எடுத்து, சம்பலை வைத்துத் தந்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சம்பல்ல உப்பு கூடிருச்சா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "கொஞ்சம் கூடத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடையில இருக்கயிலயும் தெனமும் இதத்தான் சொல்லுவீங்க!"

இரண்டாவது ரொட்டி வந்தது. மூன்றாவதும் சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டுத்தான் திரும்ப டூருக்கு வருவாயா என்று கேட்டேன். அவள் உடனே ஓம் என்று சொல்லிவிடவில்லை. அடுப்பை ஒதுக்கினாள், கல்லைத் துடைத்தாள், என்னைக் காக்க வைத்தாள். அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

"வர்றேன். ஆனா எங்க வீட்ட மொதல்ல போடுங்க. வயித்த ரொப்பிட்டு வந்து கிள்ளித் திங்கறதுக்கு நான் ரொட்டி சுட மாட்டேன்."

"சரி. எங்கட கடை கடைசியில போகட்டும்."

ஆகவே, இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஒரு இடத்தை டூரில் சேர்க்க முதல் அங்கே தனியாக, பசியோடு போய் இருந்து சாப்பிடுங்கள். அப்படிச் சாப்பிட மனம் வராத வீட்டுக்கு அந்நிய ஆட்களைக் கூட்டிப்போகாதீர்கள். மனம் ஏன் வரவில்லை என்பதையும் ஒருதரம் நேர்மையாக யோசித்துப் பாருங்கள். என் கொப்பியில் ஒன்பதாவதாக இதை எழுதினேன்: முதல் வாய் வழிகாட்டிக்கு.

இப்போது குரூப் வருகிற நாட்களில் முத்துலட்சுமி வீட்டு முற்றத்தில் கதிரைகளை எண்ணிப் பார்ப்பேன். வருகிற ஆட்களை விட ஒன்று கூட இருக்கும். முதலில் போய் அதில் இருந்துவிடுவேன். கல்லிலிருந்து இறக்கிய முதல் ரொட்டியை அவள் எல்லோருக்கும் முன்னால் என் கையில் வைப்பாள். உப்புச் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்பாள். நானும் கொஞ்சம் கூட என்றுதான் சொல்வேன்.