அந்தப் பட்டனை அழுத்தியது யார்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, தைப்பூசம் முடிந்த மறுவாரம், சிங்கப்பூரில் தோ பாயோ வட்டாரத்தில் நாங்கள் இருக்கும் பழைய அடுக்குமாடி புளோக்கில் நடந்தது இது. எங்கள் வீடு ஏழாவது மாடியில். பையன் கல்யாணமாகி பாசிர் ரிஸ்ஸுக்குப் போய்விட்டான். வீட்டில் நானும் என் மனைவியும்தான்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் அவள் சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். நான் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை ஷிப்ட் முடிந்து நான் வந்து கதவைத் திறக்கும்வரை மூன்று மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறாள். கைப்பேசி ஹாலில் இருந்தது. கத்திப் பார்த்தும் யாருக்கும் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவள் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் காய்கறி, மருந்து என்று நான் கீழே போய்த்தானே ஆகவேண்டும்?

பையன்தான் பேஜர் யோசனையைச் சொன்னான். பேஜர் என்றதும் எனக்கு எங்கள் இளவயதில் எல்லாரும் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு பந்தா காட்டியதுதான் நினைவுக்கு வந்தது. இது வேறு மாதிரி. நோயாளி கழுத்தில் ஒரு பட்டன் தொங்கும். தீப்பெட்டி அளவில் இன்னொரு கருவியைக் கவனித்துக்கொள்கிறவர் இடுப்பில் மாட்டிக்கொள்ளவேண்டும். அங்கே அழுத்தினால் இங்கே ஒலிக்கும். எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள மின்சாமான் கடையிலேயே கிடைத்தது.

கூடவே வந்த தாளில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். நான் அதைப் படிக்கவில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டியவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்ற திமிர். பேட்டரி போட்டேன், அவளை அழுத்தச் சொன்னேன், கீச்சுக்குரலில் ஒரு பாட்டு வந்தது. வேலை முடிந்தது! பையன் மட்டும் போனில் கேட்டான்: "அப்பா, கோட் நம்பர் மாத்தினீங்களா? மாத்தாம விட்டா வேற வீட்டு பேஜரோட கலந்துடும்னு தாள்ல போட்டிருக்கு."

"மாத்திட்டேன்லா," என்றேன். மாற்றவில்லை. அது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு மணி நேரம் அவளை அழுத்தச் சொல்லிக்கொண்டே புளோக்கைச் சுற்றி நடந்து பார்த்தேன். மின்தூக்கிக்குள் ஒலித்தது. கீழ்த்தளத்தில் ஒலித்தது. கோப்பிக் கடையில் முதல் வரிசை மேசைவரைக்கும் ஒலித்தது. அதைத் தாண்டிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனால் மூச்சு இல்லை. சரி, நம் எல்லை முதல் மேசை என்று முடிவு செய்துகொண்டேன். தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்குவதை நிறுத்தினேன்.

இரண்டாம் நாளே தொல்லை ஆரம்பித்தது. கோப்பிக் கடையில் நான் கேட்ட பால் இல்லாத கோப்பி ஓ வந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, பேஜர் அலறியது. விழுந்தடித்து மேலே ஓடினேன். அவள் நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கூப்பிடவே இல்லையே," என்றாள்.

அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை. மறுநாள் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒலித்து, சோப்பு நுரையோடு ஓடிவந்தேன். அப்போதும் அவள் கூப்பிடவில்லையாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது ஊருக்கே தெரியும்.

"விளையாடுறியா நீ?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. உங்கள ஓட விட்டு வேடிக்கை பாக்கறதுதான் வேலை!"

நான்காம் நாள் காலை ஏழு மணிக்குள் மூன்று தடவை. மூன்றாவது தடவை நான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். இனிமேல் நீ நிஜமாகவே கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன் என்றேன். அவள் கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றிக் கட்டிலோரத்து மேசைமேல் எறிந்தாள். நான் அவள் கண் முன்னாலேயே பேஜரை அணைத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். காலை உணவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்துவிட்டேன்.

பத்தரை மணி இருக்கும், அவளாகவே கூப்பிட்டாள். "இங்க வந்து உக்காருங்க. பட்டன் அதோ மேசைமேல கெடக்கு. நான் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீங்க. இப்ப உங்க பேஜர ஆன் பண்ணுங்க. யார் பொய் சொல்றான்னு பாத்துருவோம்."

அவளை மடக்கிவிடலாம் என்ற நினைப்பில்தான் உட்கார்ந்தேன். பேஜரைப் போட்டு மேசைமேல் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அலறியது! பட்டன் அசையாமல் கிடக்கிறது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மறுபடியும் அலறியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

எனக்குப் பையன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அதே கடை, அதே பெட்டியில் வந்த சாமான், அதே கோட். இந்த புளோக்கில் வேறு யாரோ இதையே வாங்கியிருக்கிறார்கள். "சரி விடு," என்றேன், அசட்டுத்தனமாக. "யாரோ தண்ணி கேக்கறாங்க. அவங்க வீட்டு ஆள் பாத்துக்குவாங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "தண்ணி கேக்கறவங்க இப்படியா நிறுத்தாம அழுத்துவாங்க? அன்னிக்கு நான் தரையில கெடந்தப்ப கையில இது இருந்திருந்தா இப்படித்தாங்க அழுத்தியிருப்பேன். யாரோ விழுந்து கெடக்காங்க. போய்த் தேடுங்க."

அவள் கையில் கைப்பேசியைக் கொடுத்தேன். பட்டனைத் தொடாதே, எதுவானாலும் போன் பண்ணு என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். எங்கே தேடுவது? பத்து மாடி, மாடிக்குப் பதினைந்து வீடு. எனக்கு இருந்த ஒரே துப்பு, என் பேஜர் ஒலிக்கும்போது அந்த வீட்டுப் பேஜரும் ஒலிக்கும். அது வீட்டுக்குள்ளே இருந்தால் சன்னல் வழியாகக் கேட்கும். அதைக் காதில் பிடிக்கவேண்டும்.

எங்கள் மாடி நடைபாதையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தேன். பேஜர் இரண்டு தடவை ஒலித்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவது மாடிக்கு இறங்கினேன். அங்கேயும் ஒன்றும் இல்லை. எதிரே வந்த ஒரு சீனப் பெண்மணி, பேஜரைக் காதோரம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சன்னலாக எட்டிப் பார்க்கும் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்புறம்தான் புத்தி வந்தது. மடையன், என் பேஜரே இந்தக் கத்துக் கத்தினால் இன்னொன்று எப்படிக் கேட்கும்? சத்தத்தை எடுத்துவிட்டு அதிர்வுக்கு மாற்றினேன். ஏறி எட்டாவது மாடிக்குப் போனேன்.

அங்கே போய் நின்றதும் அழைப்பு நின்றுவிட்டது.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆனது. பேஜரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். சட்டையெல்லாம் வியர்வை. அழுத்துகிறவர் கை சோர்ந்துவிட்டதா? இல்லை, வீட்டு ஆள் வந்துவிட்டாரா? அப்படியிருந்தால் நல்லது என்று திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தேன். மனைவி போன் செய்து, "கெடைச்சுதா?" என்றாள். இல்லை என்றதும், "வந்துடாதீங்க," என்றாள்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். உள்ளங்கை அதிர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அதே கீச்சுப் பாட்டு, தலைக்கு மேலே எங்கேயோ மெல்லிசாக! படிகளில் ஏறி ஒன்பதாவது மாடிக்கு ஓடினேன். நான் போவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. எந்த வீடு என்று தெரியவில்லை. "இன்னொரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு பூந்தொட்டிகளுக்கு நடுவே நின்றேன். முருகனையும் கூப்பிட்டேன். மறுபடியும் அதிர்ந்தது. நான்கு கதவு தள்ளி ஒரு சமையலறைச் சன்னலுக்குள்ளிருந்து பாட்டு வந்தது.

சீன எழுத்துத் தாள் ஒட்டியிருந்த இரும்புக் கதவில் பூட்டு தொங்கியது. சன்னல் கண்ணாடிப் பட்டைகளை நிமிர்த்திப் பார்த்தேன். குளிர்பெட்டியின் மேல் பேஜர் மின்னிக்கொண்டிருந்தது. குளியலறை வாசலில் இரண்டு கால்கள் தெரிந்தன. பைஜாமா போட்ட, வயதான ஒருவருடைய கால்கள். தரையில் ரத்தம்.

ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன், பூட்டியிருக்கிறது என்பதையும் சொன்னேன். பக்கத்து வீடுகளைத் தட்டினேன், யாரும் இல்லை. சன்னலுக்கு வந்து, "அங்கிள்!" என்று கத்தினேன். ஒரு முனகல் மட்டும் வந்தது. எனக்குச் சீனம் வராது. அந்தக் காலத்து ஆட்களுக்கெல்லாம் பாசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் மலாய், புரியும் என்பதால் மலாயில் கத்தினேன்: ஆள் வந்துகொண்டிருக்காங்க, தூங்காதீங்க, பேச முடியாவிட்டால் பட்டனை அழுத்துங்க, எனக்குத் தெரியும்.

உள்ளங்கை அதிர்ந்தது.

ஐயோ, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியே பேசிக்கொண்டிருந்தோம். "சபார் அங்கிள், சபார்," பொறுத்துக்கோங்க என்பேன். அதிரும். வலிக்குதா என்பேன். அதிரும். பஸ் ஓட்டிய கதை, என் மனைவி விழுந்த கதை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன். நடுவில் ஒரு தடவை கேட்டதற்குப் பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன், அதற்கும் இல்லை. சன்னல் கம்பியைக் கையால் குத்திக்கொண்டு, "அங்கிள், அழுத்துங்க! அழுத்துங்க!" என்று கத்தினேன். எவ்வளவு நேரமோ, ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு தடவை அதிர்ந்தது. அதற்குள் கீழே சைரன் கேட்டது.

தீயணைப்பு வீரர்கள் பூட்டை வெட்டினார்கள். அவர் உயிரோடுதான் இருந்தார். தலையில் காயம், தோள்பட்டை முறிவு. ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தபோது அவர் கை அந்தப் பட்டனை விடவே இல்லை.

அதே நேரத்தில்தான் அந்த வீட்டுப் பணிப்பெண் இரண்டு கைகளிலும் பைகளோடு மின்தூக்கியிலிருந்து வந்தாள். இந்தோனீசியப் பெண். பைகளைப் போட்டுவிட்டுக் கதறினாள். அவள் போன் போட்ட கொஞ்ச நேரத்தில், பக்கத்திலேயே வேலை பார்க்கும் பெரியவருடைய மகன் ஓடிவந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் நன்றி நன்றி என்றார். உடனே அந்தப் பெண் பக்கம் திரும்பி, பேஜரை ஏன் எடுத்துக்கொண்டு போகவில்லை, இன்றைக்கே உன்னை ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்புகிறேன் என்று கத்த ஆரம்பித்தார்.

அவள் அழுதுகொண்டே மலாயில் சொன்னது எனக்குப் புரிந்தது. நாலு நாளாக அது சும்மா சும்மா ஒலிக்கிறது. நான் ஓடிவந்து கேட்டால் தாத்தா கூப்பிடவில்லை என்கிறார். ராத்திரியில்கூட. நீங்கள்தானே கெட்டுப்போன சாமான், அதை விடு என்று சொன்னீர்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் வந்த பொய் அழைப்பெல்லாம் அவருடையது என்றால், அவர்கள் வீட்டில் வந்தது யாருடையது? என் மனைவி தண்ணீர் கேட்டது, கழிவறைக்குப் போகக் கூப்பிட்டது எல்லாம் இங்கே ஒலித்திருக்கிறது. நாங்கள்தான் இவளை ஓட விட்டிருக்கிறோம். பேசாமல் இருந்தால் நான் ஹீரோ. மகன் இன்னும் என் தோளில் கை வைத்திருந்தார். அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன்.

பிறகு என் பேஜரை எடுத்து அவர்களுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவிக்குப் போன் செய்து, பட்டனை எட்டி எடுத்து ஒரு தடவை அழுத்தச் சொன்னேன். ஒன்று அதிர்ந்தது, இன்னொன்று பாடியது. கோட் எண்ணை மாற்றாதது நான், தாளைப் படிக்காதது நான், இந்தப் பெண்மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மகன் இரண்டு பேஜரையும் பார்த்துக்கொண்டே நின்றார். அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அப்பாவின் அடையாள அட்டையையும் துணியையும் எடுத்துக்கொண்டு கூட வா என்று மட்டும் சொன்னார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றும் அவள்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, தப்பு என்மேல்தான் என்றேன். "இப்பவாச்சும் நம்புனீங்களே," என்றாள். அழுதாள். நானும்தான்.

அங்கிள் தேறிவிட்டார். மின்தூக்கியில் பார்த்தால் சக்கர நாற்காலியிலிருந்து கையைத் தூக்குவார். புளோக்கில் எல்லாரும் என்னைத்தான் அவரைக் காப்பாற்றியவன் என்கிறார்கள். கோட் விஷயத்தை ஒப்புக்கொண்ட நான், இன்னொன்றை அந்த வீட்டில் சொல்லவே இல்லை. அவர் விழுந்தது ஒன்பது மணி சுமாருக்கு என்று பிற்பாடு மகன் சொன்னார். ஒன்பதிலிருந்து பத்தரைவரை அவர் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தபோது, பொண்டாட்டியோடு போட்ட சண்டையில் நான் அணைத்துவைத்த பேஜர் என் இடுப்பிலேயேதான் இருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் கண் முன்னால் வருகிறது.