ஐம்பத்தைந்து இருக்கும்

பெரம்பலூரில் ஒரு சின்ன அறக்கட்டளையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஊர் ஊராகப் போய் கண் முகாம் நடத்துவோம். முகாமில் எழுதிய தாள்களை எக்செல்லில் அடித்து, அந்தப் பட்டியலை ஆஸ்பத்திரி கொடுத்திருந்த ப்ரோகிராமில் ஏற்றுவது என் பொறுப்பு. ஏற்றியதும் அதுவே வயதைப் பார்த்து ஆளைப் பிரித்துவிடும். பெரியவர்களுக்கு ஆபரேஷன் தேதி வரும், பதினைந்துக்குக் கீழே என்றால் குழந்தைகள் பிரிவு.

பாடாலூர் பட்டியலை ஏற்றிய அன்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. வயதுக் கட்டத்தில் ஒரு வரி எண்ணாக இல்லை, தொடரலாமா என்று கேட்டது. ஒரே ஒரு வரிதானே? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ‘தொடர்க’ என்று அமுக்கிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த அவசரத்துக்கு என்னை நாலு பேர் சேர்ந்து திட்டியிருக்க வேண்டும்.

மறுவாரம் ஆபரேஷனுக்கு ஆட்களைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேன் வந்தது. நான்தான் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். எல்லோரும் ஏறிய பிறகும் ஒரு பெண் கீழேயே நின்றார். ஆபரேஷன் முடிந்தால் பல நாள் தலைக்கு ஊற்றக் கூடாது என்று சொல்லியிருந்தோம். அதனால் விடியும் முன்பே தலை குளித்து, ஈரம் காயாத முடியை முடிந்துகொண்டு, மாற்றுப் புடவையோடு வந்திருந்தார். சின்ன வெங்காயம் ஆய்கிற வேலை அவருக்கு. அழுகலையும் நல்லதையும் ஒன்றாகப் போட்டுவிட்டதால், கண்ணைச் சரிபண்ணாமல் இனி வராதே என்று வெங்காயம் போட்டிருந்த காட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

“ஏம் பாப்பா, எம்பேரு கூப்புடலியே?”

லேப்டாப்பைத் திறந்தேன். பெயர் இருந்தது, குழந்தைகள் பட்டியலில். வயது, பூஜ்யம்.

பழைய தாளைத் தேடி எடுத்தேன். எங்கள் பக்கம் வயது கேட்டால் யாரும் ஓர் எண்ணைச் சொல்லி நிறுத்த மாட்டார்கள். ‘அறுவதத் தாண்டிருச்சு’ என்பார்கள், ‘மூத்தவன் பொறந்தப்ப இருவது’ என்பார்கள். எழுதுகிறவர்தான் மனக்கணக்குப் போட்டு ஓர் எண்ணை எழுதிக்கொள்வார். இந்த ஒருவருக்கு மட்டும் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார்கள்: ‘55 இருக்கும்’. நானும் அச்சு மாறாமல் அடித்திருக்கிறேன். எண்ணை மட்டுமே வாங்கும் கட்டம், கூட வந்த சொல்லைப் பார்த்ததும் மொத்தத்தையும் துடைத்துப் பூஜ்யம் வைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். படுக்கையெல்லாம் ஒதுக்கியாகிவிட்டது, அடுத்த வாரம் கூட்டி வாருங்கள் என்றார்கள். வேன் கிளம்பிவிட்டது.

“தப்பு என்னோடதுதான்க்கா. அடுத்த வாரம் நானே ஒங்க கூட வரேன்.”

அவர் கோபப்படவில்லை. “வயசு சரியாத் தெரியாதவங்கள சேத்துக்க மாட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். அவரை பஸ் ஏற்றிவிட்டு ஆபீசுக்கு வந்து, ‘இருக்கும்’ என்பதை அழித்தேன். வெறும் ஐம்பத்தைந்தைப் ப்ரோகிராம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

அடுத்த வாரம் மறுபடியும் தலை குளித்து வந்தார். சொன்னபடி நானும் கூடப் போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக என் சுடிதாரில் இருந்த பூவை எண்ணிச் சொன்னார். ஒரு மாதம் புழுதிப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்குத்தான் முகம் சுருங்கியது. காட்டுக்காரரிடம் நான் பேசுகிறேன் என்றேன்.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டு எழுதும்போது கவுண்டரில் ஆதார் கேட்டார்கள். அதை வாங்கிப் பார்த்த நான் திடுக்கிட்டேன். பிறந்தது ஜனவரி ஒன்றாம் தேதி என்று போட்டிருந்தது, வருடத்தைக் கணக்குப் பார்த்தால் வயது அறுபத்தொன்று.

“என்னக்கா, இதுப்படி பாத்தா அறுபத்தொண்ணு வருதே?”

அவர் கார்டை வாங்கி, புதுக் கண்ணுக்கு நேரே பிடித்து, தன் போட்டோவை ஆசை தீரப் பார்த்தார்.

“அது ஒன்னாட்டம் ஒரு பாப்பா போட்டது. நீங்கள்லாம் போடுறதுதான எங்க வயசு” என்றார்.