தேவாரத்தில் தேறாத யானை

பிள்ளைகளைத் தூங்க வைக்கும் படப்புத்தகம் தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலை. கொட்டாவி விட்டால் தேர்ச்சி, கேள்வி கேட்டால் தோல்வி. கதை சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவரின் மகள் ஜெசி எழுதி வரைந்த முதல் புத்தகம் என்னிடம் வந்தது. ஒரு யானை மலையிறங்கி வந்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் போர்வை போர்த்திவிடும். அவ்வளவுதான் கதை. நான் சரி என்றால்தான் பதிப்பகம் அச்சுக்கு அனுப்பும். "ராவும் பகலுமா வரைஞ்சேன்க்கா" என்று ஜெசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவமாக இருந்தது. சில வீடுகளில் வாசிக்கச் சொல்லிப் பார்க்கக் கிளம்பினேன்.

வியாபாரி வாசித்த விதம்

முதலில் போடியிலேயே வேறோர் ஏலக்காய் வியாபாரி வீடு. பகலெல்லாம் சாம்பிள் காயை உள்ளங்கையில் கொட்டி, ஒரு பார்வை பார்த்துத் தள்ளிவிட்டு, அடுத்ததற்குப் போகிறவர். மகனை மடியில் வைத்துக்கொண்டும் அதே பழக்கம்தான். "இது நல்ல பச்சை, இது கொஞ்சம் வெளுப்பு" என்று படங்களை ரகம் பிரித்தாரே தவிர, கதையை வாசிக்கவே இல்லை. பையன் கண்ணைக் கசக்குவதற்குள் புத்தகம் முடிந்துவிட்டது. என்னிடம் கையை நீட்டினார்: "அடுத்த சாம்பிளக் கொண்டாம்மா."

முதலில் தூங்கியவர்

அடுத்தது, மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகும் லட்சுமி வீடு. விடியுமுன் ஜீப்பு ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். வாசிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வார்த்தை இழுத்தது, பிறகு தலை சாய்ந்தது. மகள் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். படத்தில் யானை செய்வதுபோலவே அம்மாவுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "அத்தே, புத்தகம் நல்லா வேல செய்யுது."

தட்டும் கரண்டியும்

மலையடிவாரத்தில், தேவாரம் என்ற ஊரில், மக்காச்சோளம் போட்டிருக்கும் ஒரு விவசாயி வீடு. அவர் தோட்டத்துக் காவலுக்குப் போயிருந்தார், அம்மா வாசித்தார். யானை ஊருக்குள் நுழையும் பக்கம் வந்ததுதான் தாமதம், மகள் யாழினி அடுப்படிக்கு ஓடி, தட்டையும் கரண்டியையும் எடுத்து அடிக்கத் தொடங்கிவிட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ யானை விரட்டும் வெடியைத் தேடினார்கள். அம்மா தட்டைப் பிடுங்கியதும் யாழினி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஆன வந்தும் எல்லாரும் தூங்குறாகளே, அப்ப எங்கப்பா மட்டும் தோட்டத்துல என்ன செய்றாரு?"

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜெசியிடம் போனேன்.

ஜெசியின் கோபம்

விஷயத்தைச் சொன்னதும் ஜெசிக்கு மூக்குக்கு மேல் கோபம். "எங்க தெருவுக்கு ஆன வந்ததே இல்லக்கா" என்றாள். என் தெருவுக்கும் வந்ததில்லைதான். பேசாமல் அவளைத் தேவாரம் பஸ்சில் ஏற்றிக் கூட்டிப்போய் யாழினியிடம் விட்டேன். திரும்பியதும் தூரிகையை எடுத்தாள். புதிதாகப் படங்கள் வரைந்தாள்: ஊரே தட்டு அடிக்கிறது, யானை மலையேறிப் போகிறது, கடைசியில் ஓர் அப்பா டார்ச்சை அணைத்துவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்.

மறுபடி வாசித்தோம். யாழினியின் அப்பா அன்றைக்கும் காவலில்தான் இருந்தார். அவள் அந்தக் கடைசிப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். ஜெசி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு யாழினி புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்தாள்: "அப்பா வந்துட்டாரு. வெளக்க அமத்தும்மா."

படுக்கை நேரக் கதைக்குள் யானையை விடுவது சுலபம். அதைத் திருப்பி மலையேற்றி, காவலுக்குப் போனவரை வீடு சேர்த்த பிறகுதான் என்னால் சரி என்று சொல்ல முடிந்தது.