கட்டுத்துணி காயும் தரை

1989, தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு மதுரையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர். என் மனைவி ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸ். ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டுமா, ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தாள். திங்கட்கிழமைக்குள் பதில் போட்டாக வேண்டும். பணமா, மனைவியா என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது. காமிராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவள் போன புதிதில் வீட்டார் படங்களை அனுப்பினேன். "முகம் வேண்டாம், பார்த்தால் அழுகை வருகிறது, ட்யூட்டி ஓடவில்லை. தரையை எடுத்து அனுப்புங்கள்" என்று எழுதினாள். அன்றிலிருந்து நான் குனிந்தே நடக்கிறேன். கல்யாண மேடையில்கூட அவ்வளவு அடக்கமாக இருந்ததில்லை.

எட்டரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கோவில் வாசலில், ஜோடி பிரியாமலிருக்க யாரோ கயிற்றால் கட்டிப் போட்டிருந்த செருப்புகளை எடுத்தேன். பால்கோவாக் கடைப் படியில் சிந்திய துளியை எறும்புகள் வளைத்திருந்தன. மண்டியிட்டேன்.

"எறும்பையா போட்டோ பிடிக்கிய? கோபுரம் மேலல்லா இருக்கு!" என்றார் கடைக்காரர்.

"எறும்பு போதும் அண்ணாச்சி."

"நல்லாப் பிடிங்க. காசு கேக்காது."

அங்கிருந்து பதினொரு கிலோமீட்டர் ராஜபாளையம். டவுன் பஸ் மாறி சத்திரப்பட்டி போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஊர் ஓரத்துக் களத்தில் கட்டுத்துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுவார்களே, அந்தச் சல்லாத் துணி. வெளுத்து அலசி, நீளநீளமாக விரித்திருந்தார்கள். அதன் கண்கள் வழியே அடியிலிருந்த புல் தெரிந்தது. ஸ்டெல்லா நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கும் துணி. முழுவதையும் ஒரே படத்துக்குள் அடக்கிவிட நினைத்தேன். காமிராவில் கண்ணை வைத்தபடியே பின்வாங்கினேன்.

"அய்யய்யோ, செருப்பு! செருப்பு!"

பின்னால் விரித்திருந்த துணியில் என் செருப்புத் தடம் பளிச்சென்று பதிந்திருந்தது. துணி காயப்போடும் அம்மாள் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"தரையப் பாத்துக்கிட்டுத்தான வாரிய? எம்புட்டுப் பெரிய துணி, கண்ணுக்குத் தெரியலியா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தத் துண்டைச் சுருட்டித் தொட்டியில் அலசி, ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "வாங்க, பிழியணும். மிதிச்சவிய சும்மா நிக்கப்படாது."

எதிரெதிரே நின்று திருகினோம். துணி முறுக்கேறவே இல்லை. கயிறு மாதிரி உருண்டுகொண்டே இருந்தது.

"வலப்பக்கமாத் திருகுங்க. ரெண்டு பேரும் வலப்பக்கந்தான். உங்களுக்கு யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

அப்போதுதான் உறைத்தது. ஸ்டெல்லா இடக்கைக்காரி. பத்து வருடம் ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் போர்வை பிழிந்திருக்கிறோம். அவளுக்கு ஏற்றபடி என் கையும் திரும்பிப் போயிருந்தது. வலப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மறுபடி இடப்பக்கமே போனது.

"என்ன அண்ணாச்சி, கண்ணு கலங்குது? துணிதான, போவட்டும்."

சொன்னேன். மஸ்கட், மூன்று வருடம், இடக்கை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முனையை மாற்றிப் பிடித்து, எனக்காகத் தானும் இடப்பக்கமாகத் திருகினார். தண்ணீர் கொட்டியது.

"இப்படி இடப்பக்கமாத் திருகுறது எனக்கு ஒரு நாளைக்குச் சரி. அவியள வரச் சொல்லுங்க."

ராஜபாளையம் தபாலாபீசில் ஏரோகிராம் வாங்கி நின்றபடியே எழுதினேன். "ஸ்டெல்லா, சம்பாதித்தது போதும். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. வா." ஒட்டி, அங்கேயே பெட்டியில் போட்டேன்.

மதுரை வந்து சேர இருட்டிவிட்டது. மொட்டைமாடிக்குப் போனேன். காலையில் கிளம்புமுன் நான் ஒற்றை ஆளாகப் பிழிந்து போட்ட போர்வை, ஒரு பகல் வெயிலுக்குப் பிறகும் ஓரத்தில் ஈரமாகவே இருந்தது.