லாரி அங்கிளின் லேப்டாப்

இன்று மதியம் எங்கள் சிரம்பான் கம்ப்யூட்டர் கடைக்கு ஓர் அங்கிள் வந்தார். பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறவர். கைலியில் சுற்றிக் கொண்டுவந்த லேப்டாப்பை மேசையில் வைத்தார்.

“மகனோடதும்மா. பேட்டரி செத்துப்போச்சு. நான் என்னா தப்பு செஞ்சேன்னு பாத்துச் சொல்லு.”

மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து ஒரு வருடமாகிறதாம். இவருக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தட்டத் தெரியாது.

“ஓட்டாம போட்டா லாரி பேட்டரி படுத்துடும்லா. அதான் தெனம் காலையில பத்து நிமிசம் இதையும் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்.”

இந்த பேட்டரிக்கு எப்படி வைத்திருந்தாலும் வயதாகிவிடும், உங்கள் மேல் தப்பில்லை என்றேன். “வயரை மாட்டுனா ஓடும், அங்கிள்.”

“அது வண்டிய தள்ளி ஸ்டார்ட் பண்ற மாதிரி. அவன் இருந்தப்போ தானா எழும்பும்லா.”

அந்த மாடல் பேட்டரி இப்போது வருவதே இல்லை. தினமும் பத்துப் பேரிடம் ‘ஸ்டாக் இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான். இவரிடம் மட்டும், “அடுத்த வாரம் வாங்க” என்றுவிட்டேன்.

நம் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரிடமாவது அந்த பேட்டரி இருக்கிறதா? கேட்டால் மாடல் எண்ணை அனுப்புகிறேன். பழசானாலும் பரவாயில்லை. பத்து நிமிடம் தாங்கினால் போதும்.