அக்கா போடாத ஓட்டு

அவையை நிமிர்ந்து நோக்கிப் பேசுவதே நான் பயின்ற முறை. அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், உறவினர்களும் தெருக்காரர்களுமாகிய உங்கள் முன் நிமிர முடியாமல் இதை எழுதுகிறேன்.

ஏரலில், வாழைத் தோப்புகளில் கூலிவேலை செய்த பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தார் அக்கா. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் அவரது இடக்காலைத் தளர்த்தியது. பெற்றோர் மறைந்தபின் பீடி சுற்றியே என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்தார். பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கோப்பைகளை வாரந்தோறும் துடைத்து வைப்பார்.

சுற்றிய பீடியை ஒப்படைக்கக் கடைக்கு ஆட்டோவில் போகிறவர், ஓட்டுப்போட மட்டும் ஊன்றுகோலுடன் நடந்தே செல்வார். தெருப் பெண்கள் அவர் நடைக்கு ஈடாக மெல்ல நடப்பார்கள்.

சென்ற நாடாளுமன்றத் தேர்தலில், மாற்றுத்திறனாளிகள் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் உரிமை முதன்முறையாக நாடெங்கும் வந்தது. "வாசல் தேடி வந்த வாக்குரிமை" என்று கல்லூரி மேடையில் முழங்கிக் கைதட்டல் பெற்றேன். அந்தப் பெருமிதத்தில், விருப்பப் படிவத்தை நானே நிரப்பி, "இங்க கையெழுத்துப் போடுக்கா" என்றேன். என்னை நம்பி, என்னவென்று கேளாமலே போட்டார்.

அலுவலர்கள் வரும் நாளைச் சொல்லும் குறுஞ்செய்தி, படிவத்தில் நான் எழுதியிருந்த என் எண்ணுக்கே வந்தது. வெளியூர்ப் போட்டியின் பரபரப்பில் நான் அதைப் பார்க்கவில்லை. இருமுறை வந்தார்கள். இருமுறையும் அக்கா பீடி ஒப்படைக்கப் போயிருந்தார்; பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பினார்கள்.

வாக்குப்பதிவு நாளன்று வழக்கம்போல் நடந்தே வந்தார். "ஏளா, பைய வா. ஓட்டு எங்கயும் ஓடிராது!" என்று எதிர்வீட்டு மதினி கேலி செய்தார். வரிசை நகர்ந்தது. அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுல வச்சுப் போடுதேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்கம்மா. இங்க போட முடியாது."

"யாரு எழுதிக் கொடுத்தா?" மதினி சீறினார்.

விரலில் மை காயாமல் பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

"கையெழுத்து என்னோடதுதான் மதினி, விடுங்க" என்றார் அக்கா.

திரும்பும் வழியில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏலே, ஊருக்கெல்லாம் பேசுத. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அடுத்த தேர்தலுக்குள் நுரையீரல் நோய் அவரைக் கொண்டுபோனது. திருநெல்வேலி மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த தெருப் பெண்களுக்கும், அழைத்த போதெல்லாம் வந்த ஆட்டோ அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மதினி, அன்று நீங்கள் கேட்டதற்கு இன்று விடை சொல்கிறேன். எழுதிக் கொடுத்தவன் நான்.